புதிதாக வீட்டுக்கு வந்த டெகு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெகு என்ற சிறிய கொறிக்கும் விலங்கைத் தத்தெடுத்தவர்களும் எடுக்கலாமா என்று யோசிப்பவர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் இருப்பது பிரிட்டனில். இங்கே ஆர்.எஸ்.பி.சி.ஏ. போன்ற விலங்குக் காப்பகங்களுக்கு டெகுக்கள் வருவதும், அங்கிருந்து புது வீடுகளுக்குப் போவதும் வழக்கமான விஷயம். அதனால் சட்டம், வெயில், மருத்துவம் பற்றிச் சொல்வதெல்லாம் இந்த ஊரை ஒட்டி இருக்கும். விலங்கின் உடம்பும் குணமும் எந்த ஊரிலும் ஒன்றுதான்.

டெகு எலியா, அணிலா?

இரண்டும் இல்லை. தென் அமெரிக்காவில், சிலி நாட்டின் நடுப்பகுதியில், ஆண்டிஸ் மலைத்தொடருக்கு மேற்கே உள்ள வறண்ட புதர்நிலத்தில் வாழும் கொறிக்கும் விலங்கு இது. கினிப்பன்றிக்கும், அடர்ந்த மென்ரோமம் கொண்ட சின்சில்லா என்ற கொறிவிலங்குக்கும் உறவு. 1782-ல் இதை முதலில் விவரித்த மோலினா என்ற சிலி அறிஞரே அணில் வகையில்தான் சேர்த்தார், ஆகவே உங்களுக்குக் குழப்பம் வந்தால் வியப்பில்லை.

வளர்ந்த டெகு பொதுவாக 170 முதல் 300 கிராம் வரை இருக்கும். பழுப்பு நிற உடம்பு, வால் நுனியில் கறுப்புக் குஞ்சம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 5 முதல் 8 ஆண்டு வாழும், அதைத் தாண்டியும் சில வாழ்ந்திருக்கின்றன. ஹாம்ஸ்டர் மாதிரி இரண்டு மூன்று ஆண்டுப் பொறுப்பு என்று நினைத்து எடுக்காதீர்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்காக எடுத்த டெகு, அந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போகும்போதும் வீட்டில் இருக்கும்.

ஒரே ஒரு டெகுவை மட்டும் வளர்க்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

காட்டில் டெகுக்கள் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்கின்றன. ஒன்று மேயும்போது இன்னொன்று நிமிர்ந்து நின்று காவல் பார்க்கும், பருந்தோ நரியோ தெரிந்தால் குரல் கொடுக்கும். ஒரே வளையில் இருக்கும் தாய்கள் ஒன்றின் குட்டிக்கு மற்றொன்று பால் கொடுக்கும். இரவில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவியலாகத் தூங்கும். இப்படி வாழப் பிறந்த விலங்கைத் தனியாக விட்டால் அது சதா காவல் நிலையிலேயே இருக்கும். நிம்மதியாகத் தின்னாது, தூங்காது. சில டெகுக்கள் கம்பியை மணிக்கணக்கில் கடிக்கும், சில தன் ரோமத்தையே கடித்துப் பிடுங்கிக்கொள்ளும். "நான் நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறேன், அதனோடு பேசுகிறேன்" என்று அன்போடு சொல்பவர்கள் உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு அதன் முதுகில் சாய்ந்து படுக்க நம்மால் முடியாது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், தோழமை தேவைப்படும் விலங்குக்கு அதைக் கொடுப்பதை வளர்ப்பவரின் கடமையாகவே வைத்திருக்கிறது. நல்ல காப்பகங்கள் ஏற்கெனவே பழகிய ஜோடியாகவோ சிறு குழுவாகவோதான் கொடுக்கும். உங்களிடம் ஏற்கெனவே ஒன்று தனியாக இருந்தால் மட்டும் ஒற்றை டெகுவைக் கொடுப்பார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் வாரம் என்ன செய்ய வேண்டும்?

கிட்டத்தட்ட ஒன்றும் செய்ய வேண்டாம். தத்தெடுத்த ஆர்வத்தில் நமக்கு இதுதான் கஷ்டம்.

கூண்டை ஆள் நடமாட்டம் உள்ள, ஆனால் கூச்சல் இல்லாத அறையில், ஒரு பக்கமாவது சுவரை ஒட்டி வையுங்கள். தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாளும் தண்ணீர், தீனி மாற்றுவதோடு நிறுத்துங்கள். காப்பகத்தில் என்ன தீனி கொடுத்தார்களோ அதையே கொடுங்கள், மாற்ற வேண்டுமானால் பழையதோடு புதியதைக் கலந்து ஒன்றிரண்டு வாரத்தில் மெதுவாக மாற்றுங்கள். அங்கே அவை பயன்படுத்திய கூட்டுப் பஞ்சையோ மரத்துண்டையோ கொஞ்சம் கேட்டு வாங்கி வாருங்கள். பழகிய வாசனை இருந்தால் புது இடத்தில் பதற்றம் குறையும்.

அப்புறம் தினமும் ஒரே நேரத்தில் கூண்டருகே உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். புத்தகம் படிக்கலாம், மெல்லிய குரலில் பேசலாம். அவை கம்பி வரை வந்து முகரத் தொடங்கியதும் கதவைத் திறந்து, உள்ளங்கையை மேல் பார்க்கத் தரையில் வைத்து அசையாமல் இருங்கள். காய்ந்த செடி இலை ஒன்றிரண்டு கையில் இருக்கலாம். கை எப்போதும் கீழிருந்தோ பக்கவாட்டிலிருந்தோதான் போக வேண்டும். மேலிருந்து வரும் எதுவும் அவற்றுக்குப் பருந்துதான்.

சில டெகுக்கள் ஒரு வாரத்தில் மடியில் ஏறும். முன்பு யாராலோ துரத்திப் பிடிக்கப்பட்டவை மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். மெல்லப் பழகும் டெகுவிடம் குறை ஒன்றும் இல்லை. அது நம்மை இன்னும் கவனித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

விரலைக் கடிக்கிறதே?

எப்படிக் கடிக்கிறது என்று பாருங்கள். பல்லால் மென்மையாக, தொடர்ச்சியாக நிமிண்டினால் அது உங்களுக்குச் சிக்கெடுத்து விடுகிறது. தன் கூட்டத்துக்குச் செய்வதை உங்களுக்கும் செய்கிறது என்பதால் சந்தோஷப்படலாம். ஒரே கடியாக அழுத்திக் கடித்தால் பயம், அல்லது கையில் தீனி வாசனை. சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுப் பழகுங்கள். கடித்தவுடன் கையை வெடுக்கென்று இழுப்பதோ கத்துவதோ பயத்தைக் கூட்டும்.

எப்படித் தூக்குவது?

இரண்டு கையையும் குவித்துக் கீழிருந்து அள்ள வேண்டும். மார்போடு அணைத்து, பின்னங்கால்களுக்குத் தாங்கல் கொடுங்கள். தரையில் உட்கார்ந்தபடி தூக்குவதே நல்லது, ஏனென்றால் துள்ளிக் குதித்துவிடும்.

வாலை மட்டும் எக்காரணம் கொண்டும் பிடிக்கக் கூடாது. எதிரி வாலைக் கவ்வினால் வாலின் தோல் உறைபோலக் கழன்று, டெகு தப்பி ஓடும்படி அதன் உடம்பு அமைந்திருக்கிறது. நீங்கள் பிடித்தாலும் அதேதான் நடக்கும். உள்ளிருக்கும் எலும்பும் சதையும் வெளியே தெரியும், இரத்தம் வரும். காய்ந்த பகுதியை டெகுவே பிறகு கடித்து எடுத்துவிடும், வால் மறுபடி வளராது. இப்படி நேர்ந்தால் பதறாமல் கூண்டைச் சுத்தமாக வைத்து, அன்றைக்கே விலங்கு மருத்துவரிடம் காட்டுங்கள். வலிக்கும் கிருமித் தொற்றுக்கும் மருந்து தேவைப்படலாம். காப்பகத்திலிருந்து பாதி வாலோடு வரும் டெகு பெரும்பாலும் இந்தக் கதையோடுதான் வருகிறது. அதன் ஓட்டத்திலும் ஏறுவதிலும் பெரிய குறை இருக்காது.

எவ்வளவு பெரிய கூண்டு வேண்டும்?

இரண்டு டெகுவுக்கு 1 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் என்பதைக் குறைந்தபட்சமாக வையுங்கள். இதைவிடப் பெரிதாக இருந்தால் ஒவ்வொரு அங்குலத்தையும் பயன்படுத்தும். கம்பிக் கூண்டுதான் சரி. பிளாஸ்டிக் அடித்தட்டு, பிளாஸ்டிக் குழாய், பிளாஸ்டிக் வீடு எல்லாம் நாளடைவில் பல்லுக்கு இரையாகும், விழுங்கிய துண்டு குடலுக்கு ஆபத்து.

உள்ளே என்ன வைப்பது என்று பலர் கேட்கும்போது தட்டுகளையும் ஏணிகளையும் பற்றித்தான் கேட்கிறார்கள். மண்ணைப் பற்றி யாரும் கேட்பதில்லை. டெகு வளை தோண்டும் விலங்கு. கூண்டின் அடியில் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்காவது தோண்ட இடம் கொடுங்கள். சணல் தண்டுத் தூளும் காகிதத் தூளும் ஹேயும் (காயவைத்த புல்) கலந்து அழுத்திப் போட்டால் சுரங்கம் இடியாமல் நிற்கும். கூண்டில் அவ்வளவு ஆழம் இல்லை என்றால், கண்ணாடித் தொட்டி ஒன்றைக் கீழே வைத்து அதன் மேல் கம்பிக் கூண்டைப் பொருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். மிக நல்ல ஏற்பாடு அது. தேவதாரு மரத்தூள் வேண்டாம், அதன் வாசனை எண்ணெய் மூச்சுக்குழாயை உறுத்தும்.

கம்பியால் ஆன தட்டுகள் இருந்தால் மரப்பலகை வைத்து மூடுங்கள். கம்பிமேல் நாள் முழுக்க நின்றால் பாதத்தில் புண் வந்து சீழ் பிடிக்கும். ஓடும் சக்கரம் 30 சென்டிமீட்டர் விட்டமாவது இருக்கட்டும், ஓடுதளம் இடைவெளி இல்லாததாக இருக்கட்டும். சிறிய சக்கரம் முதுகை வளைக்கும், கம்பிச் சக்கரத்தில் காலும் வாலும் மாட்டும். ஒளிந்து தூங்க எல்லாமும் சேர்ந்து படுக்கும் அளவில் ஒரு மரப்பெட்டி. கடிக்க ஆப்பிள், ஹேசல், வில்லோ மரக்கிளைகள், பூச்சிமருந்து படாதவையாக.

தண்ணீருக்குக் கண்ணாடிப் புட்டி வாங்குங்கள். பிளாஸ்டிக் புட்டியைக் கடித்து ஓட்டை போட்டுவிட்டால் நீங்கள் வேலை முடிந்து வரும்வரை அவை தாகத்தோடு இருக்கும்.

சுத்தம் செய்யும்போது எல்லாவற்றையும் கழுவலாமா?

ஒரே நாளில் வேண்டாம். டெகு சிறுநீரால் தன் பாதைகளைக் குறிக்கும். அதன் புதிய சிறுநீர் புற ஊதாக் கதிரைப் பிரதிபலிக்கிறது, அதன் கண்ணால் அந்தக் கதிரைக் காண முடிகிறது. நமக்கு அழுக்காகத் தெரிவது அதற்குத் தன் வீட்டின் அடையாளம். ஈரமான மூலைகளை அடிக்கடி அள்ளிவிட்டு, மற்றதைப் பகுதி பகுதியாக மாற்றுங்கள். எல்லாம் பளிச்சென்று கழுவிய கூண்டில் நண்பர்களாக இருந்தவை சண்டை போடுவதுண்டு.

குளிப்பாட்ட வேண்டுமா?

தண்ணீரில் ஒருபோதும் வேண்டாம். சின்சில்லாவுக்கென்று விற்கும் மணலை ஒரு கனமான பாத்திரத்தில் கொட்டி, வாரத்தில் சில தடவை அரை மணி நேரம் உள்ளே வையுங்கள். உருண்டு புரண்டு ரோமத்தின் எண்ணெயைப் போக்கிக்கொள்ளும். ஒரே மணலில் எல்லாமும் புரள்வதால் கூட்டத்தின் வாசனையும் ஒன்றாகிறது. பாத்திரத்தை எப்போதும் உள்ளேயே விட்டால் பெரும்பாலும் கழிப்பறையாகிவிடும்.

என்ன சாப்பிடக் கொடுப்பது?

சிலியின் அந்தப் புதர்நிலத்தில் ஆண்டின் பெரும்பகுதி வறட்சி. காய்ந்த புல், புதர் இலை, பட்டை, விதை என்று நார்ச்சத்து மிகுந்த, சத்துக் குறைந்த உணவில் வாழப் பழகிய உடம்பு இது. நம் வீட்டு உணவு எதுவும் அதற்குப் பொருந்தாது.

ஆகவே முக்கிய உணவு ஹே, அதாவது காயவைத்த புல். டிமோத்தி ஹேயோ புல்வெளி ஹேயோ, பச்சை மணம் மாறாததாக, தூசி இல்லாததாக, இரவும் பகலும் தீராமல் இருக்க வேண்டும். குடல் ஓடுவதும் பல் தேய்வதும் இதனால்தான். இதற்கு மேல் ஒரு டெகுவுக்கு நாளைக்கு 10 கிராம் அளவில் டெகு பெல்லட், அதாவது அரைத்து அழுத்திச் செய்த தீனிக் குச்சி. கிடைக்காவிட்டால் சின்சில்லா பெல்லட் பரவாயில்லை. உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள்: வெல்லப்பாகு, தேன், உலர்பழம் என்று எதுவும் இருக்கக் கூடாது. பல நிறத் துண்டுகள் கலந்து வரும் தீனியை வாங்க வேண்டாம். ருசியானதை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மீதியை விட்டுவிடும்.

பச்சையாக டேன்டிலயன் (மஞ்சள் பூப் பூக்கும் ஒரு களைச்செடி) இலை, கொத்தமல்லி, பீன்ஸ், ரோமெய்ன் கீரை போன்றவற்றைத் தினம் சிறு துண்டு. புதிதாக எதைக் கொடுத்தாலும் ஒரு நாளைக்கு ஒரு வகை மட்டும், மிகக் கொஞ்சமாக. மலம் இளகினால் நிறுத்திவிட்டு ஹே மட்டும் கொடுங்கள். முட்டைக்கோஸ் வயிற்றில் வாயு கட்டும். கேரட்டில் சர்க்கரை அதிகம், அதை எப்போதாவது விரல்நக அளவோடு நிறுத்தலாம். உருளைக்கிழங்கு, வெங்காயம், சாக்லேட், பிஸ்கட், சோறு, ரொட்டி எதுவும் வேண்டாம்.

ஒரு திராட்சை, ஒரு வாழைப்பழத் துண்டு கூடவா கூடாது?

கூடாது. இதில்தான் நம் வீடுகளில் சிக்கல் வருகிறது. வந்த உயிருக்கு இனிப்பு கொடுத்து வரவேற்பது நமக்கு ஊறிப்போன பழக்கம், பாவம் காப்பகத்திலிருந்து வந்தது என்ற இரக்கமும் சேர்ந்துகொள்ளும். தாத்தா பாட்டி இருக்கும் வீடு என்றால் நீங்கள் பார்க்காதபோது ஓர் உலர்திராட்சை கட்டாயம் கூண்டுக்குள் போகும்.

டெகுவின் இன்சுலின் மற்ற பாலூட்டிகளின் இன்சுலினிலிருந்து மிகவும் வேறுபட்ட அமைப்பு கொண்டது, அதன் வீரியம் குறைவு. சர்க்கரையைக் கையாள அந்த உடம்புக்குத் தெம்பு இல்லை. பழம், உலர்பழம், யோகர்ட் மிட்டாய் என்று தொடர்ந்து கொடுத்தால் சர்க்கரை நோய் வரும். வந்துவிட்டால் கண்ணில்தான் முதலில் தெரியும்: சில வாரங்களிலேயே இரண்டு கண்ணிலும் வெண்மையாகப் புரை படரும். டெகுவின் கண்வில்லையில் சர்க்கரையை வேறொரு பொருளாக மாற்றும் நொதி மிகுதியாக இருப்பதால் இவ்வளவு வேகம். போன பார்வை திரும்பாது. அதிகமாகத் தண்ணீர் குடிப்பது, அதிகமாகச் சிறுநீர் கழிப்பது, தின்றும் இளைப்பது ஆகியவையும் அறிகுறிகள்.

கையால் கொடுத்துப் பழக்க ஏதாவது வேண்டும்தானே? காய்ந்த சாமந்தி இதழ், காய்ந்த டேன்டிலயன் வேர், ஒரு ஓட்ஸ் மணி, ஒரு பூசணி விதை போதும். இவற்றை ஒரு புட்டியில் போட்டு வைத்து, வீட்டிலுள்ள பெரியவர்களிடம் காட்டி, "இதிலிருந்து நீங்களே கொடுங்கள் பாட்டி" என்று சொல்லிவிடுங்கள். தடை போடுவதைவிட இது நன்றாக வேலை செய்கிறது.

வெயில் காலத்தில்?

டெகு நம்மைப் போல வியர்க்காது. 18 முதல் 24 டிகிரி வரை சுகமாக இருக்கும், 30-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பிரிட்டனில் பெரும்பாலான வீடுகளில் ஏசி கிடையாது, மாடி அறை பிற்பகலில் கொதிக்கும். கூண்டை ஜன்னல் வெயில் படாத கீழ்த்தள அறைக்கு மாற்றுங்கள், பகலில் திரையை இழுத்து மூடுங்கள், உள்ளே ஒரு பீங்கான் ஓடு வையுங்கள். உறையவைத்த தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிக் கூண்டுக்கு வெளியே ஒட்டி வைக்கலாம். மூச்சிரைத்துக்கொண்டு தரையோடு கிடந்தால் குளிர்ந்த அறைக்குக் கொண்டுபோய், காதையும் பாதத்தையும் ஈரத்துணியால் ஒற்றியபடியே மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். பனிக்கட்டித் தண்ணீரில் முக்க வேண்டாம்.

பகல் விலங்கு என்றார்கள், ராத்திரியெல்லாம் சக்கரம் சுற்றுகிறதே?

காட்டில் பகல் விலங்குதான், முக்கியமாகக் காலையும் மாலையும். ஆனால் சக்கரம் கிடைத்தால் சில டெகுக்கள் தங்கள் நேரத்தையே இரவுக்கு மாற்றிக்கொள்ளும். உடற்கடிகாரத்தை ஆராய்பவர்கள் இதற்காகவே டெகுக்களை ஆய்வகத்தில் கவனிக்கிறார்கள். சக்கரத்தை எடுத்துவிடாதீர்கள். கூண்டைப் படுக்கையறையில் வைக்காமல் இருந்தால் போதும்.

பல் ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது, நோயா?

இல்லை, அதுதான் ஆரோக்கியம். வெளிறி வெள்ளையானால்தான் கவலைப்பட வேண்டும். முன்பல்லும் கடைவாய்ப்பல்லும் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், புல் மென்றால்தான் தேயும். முன்பல் நமக்குத் தெரியும், கடைவாய்ப்பல் தெரியாது. அது கூராக வளர்ந்து நாக்கைக் கிழிக்கும், வேர் பின்னோக்கி வளர்ந்து கண்ணிலும் மூக்கிலும் அழுத்தும். ஹேயை விட்டுவிட்டு மென்மையானதை மட்டும் தின்பது, எச்சில் வடிந்து மோவாய் ஈரமாக இருப்பது, ஒரு கண்ணில் நீர், மூச்சில் சத்தம் எல்லாம் பல்லிலிருந்து வரலாம்.

எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்?

தின்பதை நிறுத்தினால் அன்றே. இதன் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது. வயிற்றுப்போக்கு, மூச்சுத் திணறல், காயம் ஆகியவையும் அப்படியே. மற்றவற்றுக்கு இரையாகும் விலங்கு தன் நோயை மறைக்கும், அதனால் வாரம் ஒரு தடவை சமையலறைத் தராசில் எடை பார்த்து எழுதி வையுங்கள். வாரத்துக்கு வாரம் எடை இறங்கினால் வேறு அறிகுறி இல்லாவிட்டாலும் காட்டுங்கள்.

நாய் பூனைக்குப் பார்க்கும் எல்லா மருத்துவர்களும் டெகுவைப் பார்த்திருக்க மாட்டார்கள். தத்தெடுக்கும் முன்பே சிறு விலங்குகளில் அனுபவம் உள்ளவர் யார் என்று விசாரித்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலின் போன்ற மருந்தைக் கொடுத்துவிடாதீர்கள். வாய்வழியாகக் கொடுக்கும் பென்சிலின் வகைகள் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து இவற்றைக் கொன்றே விடலாம்.

இரண்டும் பெண் என்று சொல்லிக் கொடுத்தார்கள். நம்பலாமா?

ஒருமுறை மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். பெண்ணுக்கும் கூம்பு போன்ற சிறுநீர்த்துளை இருப்பதால் பழகாதவர்கள் ஆண் என்று நினைத்துவிடுவார்கள். அந்தக் கூம்புக்கும் ஆசனவாய்க்கும் இடையே இடைவெளியே இல்லாததுபோல் இருந்தால் பெண், தெளிவான இடைவெளி இருந்தால் ஆண்.

கர்ப்பகாலம் சுமார் 90 நாள் என்பதால், வந்து இரண்டு மாதம் கழித்துக் குட்டி போட்டாலும் அது பழைய இடத்துக் கர்ப்பமாக இருக்கலாம். குட்டிகள் ரோமத்தோடு பிறந்து சீக்கிரமே ஓடத் தொடங்கும். ஈன்ற உடனே தாய் மறுபடி கருத்தரிக்க முடியும், ஆகவே கர்ப்பம் தெரிந்ததும் ஆணைப் பிரித்துவிடுங்கள்.

ஏற்கெனவே இருக்கும் டெகுவோடு எப்படிச் சேர்ப்பது?

நேராக ஒரே கூண்டில் போட்டால் இரத்தம் பார்க்கும் சண்டை வரும். முதலில் இரண்டு வாரம் வேறு அறையில் வைத்து நோய் இல்லை என்று உறுதி செய்யுங்கள். பிறகு நடுவே இரட்டைக் கம்பி வலை போட்டுப் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள், காலோ மூக்கோ கடிபடாத இடைவெளியில். தினமும் மணல் பாத்திரத்தை இடம் மாற்றுங்கள், சில நாள் கழித்துப் பக்கங்களையே மாற்றுங்கள். இரண்டும் வலையோரமாக ஒட்டிப் படுக்கத் தொடங்கினால் நல்ல சகுனம். அதன்பின் இரண்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில், உதாரணமாகக் குளியலறைத் தரையில், நீங்கள் பக்கத்திலேயே இருந்து சந்திக்கவிடுங்கள். ஏறுவது, தள்ளுவது, பின்னங்காலில் நின்று குத்துச்சண்டை போடுவது எல்லாம் இயல்பு. பந்தாக உருண்டு கடித்தால் ஒரு துண்டை மேலே போட்டுப் பிரித்து, சில நாள் பின்னோக்கிப் போய் மறுபடி தொடங்குங்கள்.

கினிப்பன்றியோடு சேர்த்து வைக்கலாமா? பூனை இருக்கிறதே?

வேறு எந்த விலங்கோடும் ஒரே கூண்டில் வேண்டாம். பூனை, நாய் இருந்தால் டெகு இருக்கும் அறைக் கதவு மூடியே இருக்கட்டும். அறையில் திரியவிடும் நேரத்தில் மின்கம்பிகளை எடுத்துவிட்டீர்களா என்றும் பாருங்கள்.

ஜோடியில் ஒன்று இறந்துவிட்டால் மற்றதை என்ன செய்வது?

முடிந்தால் இறந்ததின் உடலை அது முகர்ந்து பார்க்கக் கொஞ்ச நேரம் விடுங்கள், தொற்றுநோய் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் மட்டும் வேண்டாம். அடுத்த சில நாள் அது தின்கிறதா என்று தினமும் எடை பாருங்கள், அதன் அருகே கூடுதல் நேரம் இருங்கள். பிறகு தத்தெடுத்த காப்பகத்தை அழையுங்கள். அதே வயதில், அதே நிலையில் தனியாகிப்போன டெகு அவர்களிடம் இருக்கலாம். சில காப்பகங்கள் உங்களுடையதை அங்கேயே கொண்டுவரச் சொல்லி, எதனோடு ஒத்துப்போகிறது என்று பார்த்துச் சேர்த்துக் கொடுப்பார்கள். இனி டெகு வளர்க்கும் எண்ணம் இல்லை என்றாலும் தனியே விட்டு வைக்காதீர்கள். வேறொரு கூட்டத்தில் சேர்க்க முடியுமா என்று அவர்களிடமே கேளுங்கள். வயதாகிவிட்டது, இனி எதற்கு என்று பலர் தயங்குகிறார்கள். நிதானமாகச் சேர்த்தால் வயதான டெகுவும் புதுத் துணையை ஏற்றுக்கொள்ளும்.